முகாம் கால், அரசுக் கால், பட்டறைக் கால்: அப்பாவுக்காக நாங்கள் பார்த்த மூன்று வழிகள்

சர்க்கரையால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் எங்கள் வீடு. அரை ஏக்கரில் காபி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. புண் ஆறியதும் செயற்கைக் காலை யாரிடம் வாங்குவது என்று மூன்று மாதம் விசாரித்தோம். இப்போது தெரிந்தவர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. வெளியூர் தொண்டு நிறுவனம் மண்டபத்தில் நடத்தும் முகாம். கலெக்டர் ஆபீஸ் வழியாக அரசு உதவி. சேலத்திலேயே சொந்தப் பட்டறை வைத்திருக்கும் சிறிய அறக்கட்டளை. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். திரும்பத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன்.

முகாமின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. இலவசம், வேகம். காலையில் அளவெடுத்து ஒன்றிரண்டு நாளில் நடக்க வைத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் கொடுப்பது ஜெய்ப்பூர் கால். 1968 வாக்கில் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது, 1975-ல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை ஏழைகளிடம் கொண்டுசேர்த்தது. ரப்பர் பாதம் என்பதால் செருப்பு இல்லாமல் நடக்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம், சம்மணம் போடலாம். மேடு பள்ளத்தில் பாதம் மண்ணுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். கணுக்கால் அசையாத சாதாரணப் பாதத்தோடு காபித் தோட்டத்தின் ஒற்றையடிப் பாதையில் இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே முகாமுக்குப் போக இருந்தோம்.

அரசு வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குறைந்தது 40 சதவீதம் ஊனம் என்ற மருத்துவச் சான்று வேண்டும். மத்திய அரசின் ஆடிப் திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் கால், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எல்லாம் கிடைக்கும். வருமான வரம்பு உண்டு. பெரியவர்கள் கடந்த 3 வருடத்துக்குள் அரசிடம் இதே உதவியைப் பெற்றிருக்கக் கூடாது என்பதும் விதி. கால் எங்கே வாங்கினாலும் சரி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். மற்ற உதவிகள் பலவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

அந்த 3 வருடம் என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது.

கால் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் பகுதி அப்படியே இருப்பதில்லை. வீக்கம் வடியும், வேலையில்லாத சதை சுருங்கும். முதல் வருடத்தில் இது நன்றாகவே தெரியும். இன்று கச்சிதமாகப் பொருந்திய சாக்கெட், அதாவது காலை உள்ளே விடும் குழல், சில மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். அதை ஈடுகட்டத்தான் மிச்சமிருக்கும் காலில் சாக்ஸ் மேல் சாக்ஸ் போடச் சொல்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அதுவும் போதாது, சாக்கெட்டையே மாற்ற வேண்டும். கால் நன்றாக இருக்கும், குழல்தான் சேராது.

சர்க்கரைக்காரர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து. உணர்ச்சி மங்கிப்போயிருப்பதால் உராய்வது வலிக்காது. தோல் கிழிந்து புண்ணான பிறகுதான் கண்ணில் படும். அந்தப் புண் முற்றினால் முழங்காலும் போய்விடலாம்.

எங்கள் உறவில் ஒருவருக்கு முகாமில் கிடைத்த கால் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. நல்ல கால்தான். ஐந்தாறு மாதத்தில் லூஸ் ஆனது. முகாம் நடத்தியவர்கள் அதற்குள் வேறு மாவட்டம் போய்விட்டார்கள். அவர் மறுபடி ஊன்றுகோலுக்கே திரும்பிவிட்டார். எல்லா முகாமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நிலையான மையம் வைத்துப் பழுதும் பார்த்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அந்த மையம் ஜெய்ப்பூரிலோ சென்னையிலோ இருந்தால், ஒரு ஸ்க்ரூ முடுக்க ஏற்காட்டுக்காரர் போய்வர முடியுமா?

பட்டறைக்கு வருகிறேன். ஐந்து வாரம் காக்க வைத்தார்கள். முழு இலவசமும் இல்லை. செலவில் பாதியை அறக்கட்டளை ஏற்றது, மீதி எங்களுடையது. பொருத்தியது ஜெய்ப்பூர் வகைப் பாதம்தான், ஆக பாதத்தில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அந்த டெக்னீஷியனிடம் இருந்தது. குழலின் அடியில் சுண்டைக்காய் அளவு களிமண் உருண்டை ஒன்றைப் போட்டு, அப்பாவைக் காலை விட்டு எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு கழற்றி அந்த உருண்டையை எடுத்துப் பார்த்தார். அப்பளமாக நசுங்கியிருந்தால் கால் அடியில் போய் இடிக்கிறது, உருண்டையாகவே இருந்தால் தொடவே இல்லை என்று அர்த்தமாம். மூன்று தடவை போட்டுப் பார்த்துத்தான் சரி என்றார். அப்புறம் அப்பாவைச் செருப்பில்லாமல் வாசல் சரிவில் ஏற்றி இறக்கினார். “ஐயா, நீங்க மலையில நடக்கிறவரு, இங்க தரையில நடந்து காட்டி என்ன பிரயோஜனம்?” என்றார். எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது.

இதுவரை ஏழு தடவை அங்கே போயிருக்கிறோம். ஒரு தடவை சாக்கெட் முழுதாக மாற்றினார்கள், இரண்டு தடவை உள் விளிம்பை இழைத்தார்கள், மற்றதெல்லாம் பெல்ட்டும் சாக்ஸும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அனுபவம் முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களுக்கானது. தொடையோடு எடுத்தவர்களுக்குச் செயற்கை மூட்டும் சேர்வதால் இந்தக் கணக்கு மாறலாம். அவர்கள் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

நன்கொடை கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுக் காலுக்குப் பணம் தர நிறையப் பேர் வருகிறார்கள், மேடையில் போட்டோவும் எடுக்கலாம். சாக்கெட் மாற்றவும் சாக்ஸ் வாங்கவும் தருபவர்கள் குறைவு என்று பட்டறையில் சொன்னார்கள். முடிந்தால் அதற்கென்று சொல்லிக் கொடுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை.

அப்பா தினமும் காலையில் காலை மாட்டியதும், எத்தனை சாக்ஸ் என்று காலண்டர் தாளில் எழுதி வைக்கிறார். இந்த வாரம் முழுக்க நான்கு. ஆறு என்று எழுதும் நாளில் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார் டெக்னீஷியன்.