முதல் இரண்டு ஆண்டுகளை எந்த நாட்டில் கழிப்பது?

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்த கையோடு வெளிநாட்டில் படிப்பிக்கப் போக நினைக்கிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். அவர்கள் முதலில் விசாரிப்பது சம்பளத்தை, அடுத்தது விசாவை. புதிய ஆசிரியரை வழிகாட்டலோடு படிப்பிக்க வைத்து மதிப்பிடும் தொடக்கக் காலமான இன்டக்‌ஷன் அங்கே எப்படி நடக்கிறது, முடிவில் யார் கையெழுத்து வைக்கிறார், அந்தக் கையெழுத்து இன்னொரு நாட்டில் செல்லுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சம்பளம் குறைந்த வேலையை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். தொடக்க ஆண்டுகளை யாரும் கணக்கில் எடுக்காத இடத்தில் கழித்துவிட்டால், ஐந்தாறு வருட அனுபவத்துக்குப் பிறகும் புதியவராகவே வரிசையில் நிற்க வேண்டி வரும்.

இது நமக்குப் பழக்கமில்லாத விஷயம்தான். கல்வியியற் கல்லூரியில் 2 ஆண்டுப் படிப்புக்குப் பின் 1 ஆண்டு கட்டுறு பயிற்சி உண்டு. அரச சேவையில் சேர்ந்தால் 3 ஆண்டுத் தகுதிகாண் காலம் உண்டு. ஆனால் மருத்துவர்களுக்கு மருத்துவ சபை இருப்பதுபோல ஆசிரியர்களைப் பதிந்து உரிமம் கொடுக்கும் சபை இங்கே இல்லை. தனியார் சர்வதேசப் பாடசாலைகளின் நிலைமை இன்னும் மோசம். சேர்ந்த முதல் திங்கட்கிழமையே முழு நேரசூசி கையில் வரும். வராத ஆசிரியருக்குப் பதிலான ரிலீஃப் பாடவேளைகளும் புதியவரின் தலையில்தான். கொப்பி திருத்துவது வீட்டில், இரவில். அடுத்த வகுப்பில் இருபது வருட அனுபவமுள்ள டீச்சர் இருப்பார், ஆனால் இவருடைய பாடத்தை வந்து பார்க்க அவருக்கு ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்பட்டிருக்காது.

இங்கிலாந்து

நான் இங்கே ஒப்பிடும் நாடுகளில் மிகக் கண்டிப்பானது இதுதான். 2021 செப்டெம்பரிலிருந்து இன்டக்‌ஷன் 2 ஆண்டு, அதாவது 6 தவணை. அதற்கு முன் ஓராண்டாக இருந்தது. க்யூடிஎஸ் என்ற ஆசிரியத் தகுதி கிடைத்த பிறகுதான் தொடங்கலாம். முதல் ஆண்டில் நேரசூசியை 10 வீதமும் இரண்டாம் ஆண்டில் 5 வீதமும் குறைத்துக் கொடுப்பார்கள். வழிகாட்டி ஆசிரியர் ஒருவரும், மதிப்பீடுகளைக் கவனிக்கும் இன்டக்‌ஷன் டியூட்டர் ஒருவரும் இருப்பார்கள். மூன்றாம் தவணையிலும் ஆறாம் தவணையிலும் முறையான மதிப்பீடு. அதிபர் பரிந்துரைப்பார், பாடசாலைக்கு வெளியேயுள்ள ஓர் அமைப்பு முடிவைத் தீர்மானிக்கும். தவறினால் மேன்முறையீடு செய்யலாமே தவிர மறுமுறை இன்டக்‌ஷன் செய்ய முடியாது. க்யூடிஎஸ் கையில் இருக்கும், ஆனால் அரச பராமரிப்புப் பாடசாலைகளின் கதவு மூடிவிடும்.

இவ்வளவு கண்டிப்புக்குள்ளும் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. இன்டக்‌ஷனைத் தொடங்கவோ முடிக்கவோ காலக்கெடு கிடையாது. மூன்று தவணை முடித்துவிட்டு அம்மாவின் சுகவீனத்துக்காக ஊருக்கு வந்தாலும் அந்த மூன்றும் கணக்கில் இருக்கும்.

சிக்கல் விசாவில் இருக்கிறது. இங்கிலாந்தில் பிஜிசிஇ என்ற பட்டப்பின் ஆசிரியப் படிப்பை முடித்து க்யூடிஎஸ் பெற்றவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது, படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை செய்ய விடும் கிராஜுவேட் விசாவை. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2027 ஓகஸ்டில் விசா கிடைத்து செப்டெம்பரில் வேலை தொடங்கினால், 2029 பெப்ரவரியில் விசா முடியும். அது ஐந்தாம் தவணையின் நடு! ஆறாம் தவணை மதிப்பீட்டுக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே பாடசாலை உங்களுக்கு ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்கான ஸ்பொன்சர்ஷிப் கொடுக்க வேண்டும். இதை நேர்முகத்திலேயே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கொழும்பில் இருந்தபடியே இங்கிலாந்துத் தகுதியைத் தேடுகிறவர்கள் மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, ஒன்லைனில் செய்யும் சர்வதேச பிஜிசிஇ. நல்ல படிப்புத்தான், ஆனால் அது க்யூடிஎஸ் தராது. க்யூடிஎஸ் இல்லாமல் இன்டக்‌ஷன் இல்லை. வெளிநாட்டிலிருந்தபடி க்யூடிஎஸ்ஸுக்குச் சமமான தகுதி வேண்டுமென்றால் 2022 இல் தொடங்கிய ஐக்யூடிஎஸ் என்ற வழியைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, 2023 பெப்ரவரியில் இங்கிலாந்து தன் க்யூடிஎஸ் விண்ணப்ப முறையை இந்தியா, சிங்கப்பூர், கானா, நைஜீரியா உட்பட ஒன்பது புதிய இடங்களின் ஆசிரியர்களுக்குத் திறந்தபோது அந்தப் பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. சென்னையிலுள்ள ஒன்றுவிட்ட அக்காவுக்குக் கிடைத்தது என்பதற்காக நமக்கும் கிடைக்கும் என்று காசு கட்டிவிடக் கூடாது. மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுகிறது: எடெக்ஸெல், கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தும் பாடசாலையில் வேலை செய்தால் அந்தக் காலம் இன்டக்‌ஷனில் சேரும் என்ற நம்பிக்கை. சேராது. வெளிநாட்டில் இன்டக்‌ஷன் நடத்த, அந்தப் பாடசாலை பிஎஸ்ஓ என்ற பிரித்தானியப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும், அதுவும் கடந்த 6 ஆண்டுகளுக்குள். பாடசாலையின் பெயரில் பிரிட்டிஷ் என்று இருப்பது இதற்குப் போதாது.

ஸ்கொட்லாந்து பற்றிச் சுருக்கமாக. அங்கே ஓராண்டு வேலையை உறுதியாகக் கொடுக்கும் இன்டக்‌ஷன் திட்டம் 2002 முதல் இருக்கிறது. கேட்க இனிக்கும். ஆனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டிப் படித்தவர்கள் அதில் சேர முடியாது. அவர்கள் வேலையைத் தாங்களே தேடி, 190 நாளுக்குப் பதிலாக 270 நாள் படிப்பித்து முடிக்க வேண்டும்.

நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும்

இங்கே படித்த தகுதியோடு புறப்படுகிறவர்களுக்கு என் முதல் தெரிவு நியூசிலாந்து. என்சட்க்யூஏ என்ற அந்நாட்டுத் தகுதி ஆணையம் உங்கள் தகுதியை மதிப்பிடும், பிறகு ஆசிரியர் சபை பதிவுசெய்து புதிய ஆசிரியருக்குரிய தற்காலிகச் சான்றிதழைக் கொடுக்கும். இன்டக்‌ஷனும் வழிகாட்டலும் 2 ஆண்டு. முதலாம் ஆண்டில் வாரத்துக்கு 5 மணித்தியாலம், இரண்டாம் ஆண்டில் 2.5 மணித்தியாலம் வகுப்பிலிருந்து விடுவிப்பு. அதற்கான வளத்தை அரசாங்கமே பாடசாலைக்கு ஒதுக்குகிறது. ஐந்து மணித்தியாலம் என்பது கிட்டத்தட்ட ஒரு முழுப் பாடசாலை நாள். அந்த நேரத்தில் பக்கத்து வகுப்பில் உட்கார்ந்து அனுபவமுள்ளவர் எப்படிப் பாடத்தைத் தொடங்குகிறார், சத்தம் போடும் பிள்ளையை எப்படி அடக்குகிறார் என்று பார்க்கலாம். மற்ற நாடுகளும் ஆதரவு தருகிறோம் என்கின்றன. இவர்கள் அதை நேரசூசியில் எழுதித் தருகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு நாடுகளுக்கும் இடையிலான பரஸ்பர அங்கீகார ஏற்பாட்டால், நியூசிலாந்தின் முழுச் சான்றிதழோடு அவுஸ்திரேலிய மாநிலங்களில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

நேரடியாக அவுஸ்திரேலியாவுக்குப் போகலாமே? போகலாம், ஆனால் படலை இறுக்கமானது. குடிவரவுக்காக ஆசிரியர்களின் தகுதியைச் சரிபார்க்கும் எயிட்சல் என்ற அமைப்பின் மதிப்பீட்டுக்கு ஐஈஎல்டிஎஸ் அக்கடமிக் தேர்வில் வாசிப்பும் எழுத்தும் 7, கேட்டலும் பேச்சும் 8 வேண்டும். உயர்கல்வி மொத்தம் 4 ஆண்டு இருக்க வேண்டும், அதற்குள் 45 நாள் மேற்பார்வையுடன் கூடிய கற்பித்தற் பயிற்சியும் வேண்டும். மூன்றாண்டுப் பட்டமும் ஓராண்டு டிப்ளோமாவும் இருந்தால் ஆண்டுக் கணக்கு சரி. கல்வியியற் கல்லூரி டிப்ளோமா மட்டும் போதாது.

உள்ளே போனபின் நிலைமை இலகுவாகிறது, மாநிலத்துக்கு மாநிலம் மாறவும் செய்கிறது. விக்டோரியாவில் தற்காலிகப் பதிவு 2 ஆண்டுக்கு. அதற்குள் குறைந்தது 80 நாள் படிப்பித்து, உங்கள் கற்பித்தல் பற்றிய ஆதாரங்களை வழிகாட்டியோடு சேர்த்துத் தயாரித்து, அதிபர் இருக்கும் குழுவின் பரிந்துரையைப் பெற்றால் முழுப் பதிவுக்குப் போகலாம். நியூ சவுத் வேல்ஸில் முழுநேர ஆசிரியருக்கு 3 ஆண்டு அவகாசம். பதிலாசிரியராக நாள் நாளாக வேலை செய்து தொடங்குகிறவர்களுக்கு விக்டோரியாவின் 80 நாள் கணக்கு வசதியானது.

வளைகுடா

டுபாய், தோஹா என்று போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக் கடன் இருக்கும், தங்கைக்குக் கல்யாணம் இருக்கும். வரியில்லாத சம்பளமும் தங்குமிடமும் சின்ன விஷயமல்ல. ஆனால் அங்கே நீங்கள் பெறுவது வேலைக்கான அனுமதி. இன்டக்‌ஷன் நடத்தும் பிஎஸ்ஓ பாடசாலையில் க்யூடிஎஸ்ஸோடு சேர்ந்தால் ஒழிய, உங்கள் முதல் ஆண்டுகளை மதிப்பிட்டு இன்னொரு நாடு ஏற்கும்படி கையெழுத்து வைக்க ஆள் இல்லை. அனுபவமுள்ளவர் தேவை என்று கேட்கும் விளம்பரங்கள்தான் அங்கே அதிகம், அதனால் புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆதரவு குறைந்த பாடசாலை. இங்கிலாந்தில் பிஜிசிஇ படித்தவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன்: ஆறு தவணையை முடித்துவிட்டு டுபாய்க்குப் போங்கள். பிறகு திரும்பி வந்து முடிக்கலாம்தான், ஏற்கெனவே பெற்ற அனுபவத்துக்காகக் காலத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அது உரிமை இல்லை, தீர்மானிக்கும் அமைப்பின் விருப்பம்.

எங்கே போவதென்றாலும் நேர்முகத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எனக்கு வழிகாட்டியாக இருப்பவர் யார், அதற்கென அவருடைய நேரசூசியில் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா? முடிவில் என்னை மதிப்பிடுவது பாடசாலையா, வெளி அமைப்பா? பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பாடசாலையில் இன்டக்‌ஷன் பெயரளவில்தான் இருக்கும்.

அப்புறம், விமானம் ஏறுவதற்கு முன் படித்த நிறுவனத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள், அது நாவல திறந்த பல்கலைக்கழகமோ மகரகம தேசிய கல்வி நிறுவகமோ கொழும்புப் பல்கலைக்கழகமோ. பெறுபேற்றுத் தாள் மட்டும் போதாது. கற்பித்தற் பயிற்சி எத்தனை நாள், எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, யாருடைய மேற்பார்வையில் என்று கடிதத்தலைப்பில் எழுதி வாங்குங்கள். எயிட்சல் இந்தக் கடிதத்தைக் கேட்கும். மெல்பேர்னிலிருந்து மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதைவிட, கவுண்டரில் நேரில் நின்று வாங்குவது எவ்வளவோ இலகு.