நரம்பணுச் சரிவுகளை அளக்கும் ‘பவர்லா’ தொகுப்பு: ஒரு பயனரின் மதிப்புரை

நரம்பணு வலைப்பின்னல்கள் மாறுநிலையில் (தூண்டல் விரைவில் அணைந்துபோவதற்கும் கட்டுமீறிப் பெருகுவதற்கும் இடைப்பட்ட எல்லைநிலையில்) இயங்குகின்றனவா என்று ஆராய்பவர்களுக்கு, 2014-இல் அறிமுகமான ‘பவர்லா’ என்ற பைத்தான் நிரல்மொழித் தொகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு நரம்பணுவும் சராசரியாக இன்னொன்றை மட்டும் தூண்டினால், அதாவது கிளைப்பு விகிதம் 1 ஆக இருந்தால், செயல்பாட்டுச் சரிவுகளின் (ஒரு தூண்டல் நரம்பணுக்களிடையே தொடராகப் பரவி அடங்கும் நிகழ்வுகளின்) அளவுகள் 1.5 என்ற அடுக்குடைய அடுக்குவிதிக்கு (நிகழ்தகவு, அளவின் ஒரு நிலையான அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறையும் விதிக்கு) உட்படும் என்பது கோட்பாடு. அதையொட்டிய மதிப்பையே நரம்பியல் ஆய்வாளர்களான பெக்ஸும் பிளென்ஸும் 2003-இல் எலியின் பெருமூளைப் புறணித் துண்டுகளில் கண்டார்கள்.

இரு அச்சுகளும் மடக்கை அளவில் உள்ள வரைபடத்தில் நேர்கோடு பொருத்தி இந்த அடுக்கைக் கணிக்கும் பழக்கம் எளிதில் ஏமாற்றிவிடும். இத்தொகுப்போ மீப்பெரு சாத்தியக்கூற்று முறையைக் (கிடைத்த தரவு தோன்றும் வாய்ப்பை மிக அதிகமாக்கும் மதிப்பைத் தேர்வதை) கையாள்வதோடு, விதி எந்தக் கீழ்வரம்பிலிருந்து பொருந்துகிறது என்பதையும் தானே கண்டறிகிறது. எனக்கு மிகவும் பயன்பட்டது ஒப்பீட்டு வசதிதான்: கிளைப்பு விகிதத்தை 0.9 என வைத்து நான் உருவாக்கிய சரிவுகளைக் கொடுத்தபோது, தூய அடுக்குவிதியைவிட வால்பகுதி (பெரிய சரிவுகளின் பகுதி) அடுக்குக்குறி வேகத்தில் தேயும் வடிவமே பொருத்தம் என்று, விகிதம் 1-க்குக் குறைந்தால் சரிவுகள் விரைவில் அடங்கிவிடும் என்பதால் எதிர்பார்த்தபடியே, தெளிவாகக் காட்டியது.

சரிவின் அளவு முழு எண் என்பதால் ‘டிஸ்கிரீட்’ (தனித்த மதிப்புகளுக்கான) அமைப்பை நாமே இயக்க வேண்டும். முதல் முறை நான் அதை மறந்ததால், கிடைத்த அடுக்கை நம்ப முடியாமல் எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிட நேர்ந்தது.