இரவுக் கடமை முடிந்து வீடு திரும்ப: ஸ்கூட்டியா, பஸ்ஸா?

யாழ் போதனா வைத்தியசாலையில் இரவுக் கடமை முடிக்கும் தாதிக்கு ஸ்கூட்டிதான் வசதி. நினைத்த நேரம் வெளிக்கிடலாம், ஒழுங்கைக்குள்ளால் வாசல்வரை போகலாம். ஆபத்தும் அதில்தான். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போலக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலாலி வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விநாடி கண் சொருகினால், 22 மீற்றர் பார்க்காமலே ஓடியிருப்பீர்கள். தலைக்கவசம் மண்டையைக் காக்கும், நித்திரையைக் கலைக்காது.

பஸ்ஸில் கண் சொருகினால் இறங்குமிடம் தவறும், அவ்வளவுதான். பஸ் நிலையமும் பக்கத்திலேயே. நெரிசல் இருக்கும், சரி, மிதிபலகையில் மட்டும் தொங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இரவுக் கடமை நாளில் பஸ், மற்ற நாட்களில் ஸ்கூட்டி. பஸ் போகாத ஊர் என்றால், அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையேல் வீட்டிலிருந்து யாரையாவது ஏற்ற வரச் சொல்லுங்கள்.