நிலாவுக்கு இரண்டு வழி: அமெரிக்காவும் சீனாவும்

நிலாவில் அடுத்து கால் வைக்கப்போவது அமெரிக்காவா, சீனாவா? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் ராக்கெட்டை வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள். யாருடையது பெரியது, யாருடையது வெடித்தது என்று பேச்சு போகும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த ராக்கெட்டைக் கட்டலாம் என்று எடுத்த முடிவு எத்தனை ஆண்டு தாங்குகிறது?

அமெரிக்காவில் அது அதிபரோடு வந்து அதிபரோடு போகும். அப்பல்லோ 17 திரும்பிவந்தது 1972 டிசம்பரில். அதன்பின் 1989-ல் மூத்த புஷ் நிலாவுக்கும் செவ்வாய்க்கும் போவோம் என்றார். நாடாளுமன்றம் பணம் தரவில்லை. 2004-ல் இளைய புஷ் மறுபடி நிலா என்றார், 2020-க்குள் என்று கெடுவும் வைத்தார். 2010-ல் ஒபாமா அதைக் கைவிட்டுச் சிறுகோள் பக்கம் திருப்பினார். 2017-ல் டிரம்ப் திரும்ப நிலாவுக்கே வந்தார். பைடன் அதைக் கலைக்காமல் விட்டதே பெரிய ஆச்சரியம். இத்தனை திருப்பத்திலும் பிழைத்துக் கிடந்தது ஓரியன் விண்கலம் ஒன்றுதான். இளைய புஷ் காலத்து நிலாப் பயணத்துக்காகத் தொடங்கியது, சிறுகோள் திட்டத்திலும் இருந்தது, இப்போதைய நிலாத் திட்டமான ஆர்ட்டெமிஸிலும் இருக்கிறது.

சீனா 1992 செப்டம்பரில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று படி: முதலில் மனிதனை அனுப்பு, அப்புறம் சிறிய ஆய்வுக்கூடம், கடைசியில் நிலையான விண்வெளி நிலையம். 2003-ல் யாங் லிவெய் போனார். 2011-ல் தியான்கோங்-1. 2022 முடிவில் நிலையம் தயார். இடையில் தலைவர்கள் மாறினார்கள், திட்டம் மாறவில்லை. நிலாவுக்கான ஆளில்லாத சாங்ஏ விண்கல வரிசையும் இப்படித்தான்: சுற்று, இறங்கு, மண்ணை எடுத்து வா. 2007, 2013, 2020 என்று ஒவ்வொன்றாக முடித்தார்கள். 2024 ஜூனில் சாங்ஏ-6, பூமியிலிருந்து பார்க்கவே முடியாத நிலாவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது. அதை இதுவரை வேறு எந்த நாடும் செய்ததில்லை.

இதோடு விஷயம் முடிந்தால் சீனாதான் ஜெயித்தது என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒரே பாதையில் போவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 2017 ஜூலையில் லாங் மார்ச் 5 ராக்கெட் தன் இரண்டாவது பயணத்திலேயே தோற்றது. என்ஜின் கோளாறு. அதைச் சரிசெய்து மறுபடி பறக்கவிட 2019 டிசம்பர் ஆயிற்று. அந்த ராக்கெட்டை நம்பியிருந்த சாங்ஏ-5, 2017-ல் போகவேண்டியது, மூன்று ஆண்டு காத்திருந்து 2020-ல் போனது. அந்தக் கனத்தைத் தூக்க அவர்களிடம் வேறு ராக்கெட் இல்லை.

இதற்கு நேர் எதிரான சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. விண்வெளி ஓடங்கள் 2011-ல் ஓய்வுபெற்றதும் வீரர்களை அனுப்ப ரஷ்யாவின் சோயூஸில் காசு கொடுத்து இடம் வாங்கவேண்டிய நிலை. 2014-ல் நாசா இரண்டு நிறுவனங்களுக்கு வேலை கொடுத்தது: போயிங்குக்குச் சுமார் 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. முன்பே பேசி முடித்த விலை. செலவு கூடினால் நிறுவனத்தின் பாடு. ஒன்றுக்கு இரண்டு எதற்கு, வீண் செலவு என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் போயிங்கின் ஸ்டார்லைனரில் போனார்கள். ஹீலியம் கசிந்தது, சர்வதேச விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது உந்துபொறிகள் சில மக்கர் செய்தன. சுமார் ஒரு வாரத்துக்கு என்று போனவர்கள் ஒன்பது மாதம் தங்கினார்கள். செப்டம்பரில் ஸ்டார்லைனர் ஆளில்லாமல் இறங்கியது. 2025 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் அவர்களைக் கூட்டிவந்தது. வீண் செலவு என்று சொன்னது அன்றைக்குக் கைகொடுத்தது.

ஆனால் அதே அமெரிக்கா தன் நிலா ராக்கெட்டை இந்த முறையில் கட்டவில்லை. எஸ்எல்எஸ் ராக்கெட் 2010-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கட்டவைத்தது. ஓடத்துக்கு உழைத்த தொழிற்சாலைகளும் அந்தந்த மாநிலத்து வேலைகளும் போய்விடக் கூடாது என்பது அதில் பெரிய கணக்கு. 2016 முடிவுக்குள் தயாராகவேண்டியது, முதலில் பறந்தது 2022 நவம்பரில். ஓரியனையும் தரைச் செலவையும் சேர்த்து, முதல் நான்கு பயணங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே கணக்குச் சொன்னார். அந்த முதல் பயணத்தின் நான்கு என்ஜின்களும் ஏற்கெனவே ஓடங்களில் பறந்து திரும்பிவந்தவை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் செய்த என்ஜின்களை ஒரே முறை ஓட்டிக் கடலில் போட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இறங்கும் கலத்தைப் பார்த்தால் இரண்டு நாடுகளின் புத்தியும் தெரியும். சீனாவின் லான்யூ சுமார் 26 டன். லாங் மார்ச் 10 ராக்கெட் ஒன்றில் அது போகும், இன்னொன்றில் வீரர்கள் மெங்சோ விண்கலத்தில் போவார்கள், நிலாவின் சுற்றுப்பாதையில் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு பேர் இறங்குவார்கள். கிட்டத்தட்ட அப்பல்லோவின் பாடம், புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. நாசா 2021-ல் 289 கோடி டாலருக்குத் தேர்ந்தெடுத்த ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் சுமார் 50 மீட்டர் உயரம். வீரர்கள் தரைக்கு வர லிஃப்டில் இறங்கவேண்டும்! அது நிலாவுக்குக் கிளம்புமுன் பூமியின் சுற்றுப்பாதையிலேயே, அடுத்தடுத்து போகும் டேங்கர் கலங்களிடமிருந்து எரிபொருள் நிரப்பிக்கொள்ளவேண்டும். அதற்குப் பத்துக்கும் மேற்பட்ட ஏவுதல்கள் வேண்டியிருக்கும் என்பது பலருடைய கணிப்பு. பலித்தால் டன் கணக்கில் சாமான் இறக்கலாம், தளமே கட்டலாம். பலிக்கும்வரை ஆர்ட்டெமிஸ் தரையிறக்கம் 2024, 2025, 2026, 2027 என்று நகர்ந்ததைப் போல நகர்ந்துகொண்டிருக்கும். ஒரே ஆளை நம்ப வேண்டாம் என்று நாசா 2023-ல் ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டது சரியான முடிவு.

கூட்டாளிகள் விஷயத்தில் அமெரிக்கா வெகுதூரம் முன்னால் இருக்கிறது. நிலாவில் எப்படி நடந்துகொள்வது என்று பேசி, 2020-ல் எட்டு நாடுகளோடு தொடங்கிய ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் இந்தியா உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டுவிட்டன. சீனாவும் ரஷ்யாவும் 2021-ல் அறிவித்த நிலா ஆய்வு நிலையத்துக்கு அந்தக் கூட்டம் சேரவில்லை.

என் கணிப்பைக் கேட்டால்: வீரர்களை இறக்குவதில் சீனா சொன்ன 2030 கெடுவை நம்புவேன், அமெரிக்கா சொல்லும் எந்தத் தேதியையும் நம்பமாட்டேன். அதற்குப் பிந்தைய பத்தாண்டில் அங்கே கனமான சாமான்களை மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்றால் அமெரிக்க நிறுவனங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் நிலாவைவிட செவ்வாய்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 2021 முதல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி அங்கே குழாய் குழாயாகக் கல்லும் மண்ணும் சேகரித்து வைத்திருக்கிறது. அதைக் கொண்டுவர 1,100 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2024-ல் சொல்லி, திட்டத்தை மறு யோசனைக்கு அனுப்பிவிட்டார்கள். சீனாவின் செவ்வாய்ப் பயணமான தியான்வென்-3, 2028 வாக்கில் கிளம்பி அதே வேலையைச் சின்ன அளவில் செய்யப்போகிறது. அமெரிக்காவின் மாதிரிகள் தேர்ந்தெடுத்துச் சேர்த்தவை, அறிவியல் மதிப்பு கூடுதல். ஆனால் ஆய்வகத்து மேசைக்கு முதலில் வரப்போவது சீனாவுடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.