மாட்டுப் பண்ணையில் ஆறு வருடம்: எந்த வாக்கி டாக்கி தாங்கியது, எது தாங்கவில்லை

எங்கள் மாட்டுப் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில் பாதிக்கு மேல் கைபேசி சிக்னல் கிடையாது. அதற்காகத்தான் வாக்கி டாக்கி வாங்கினோம். முதலில் வாங்கிய நான்கும் ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. அடுத்து வாங்கியவை நாலரை வருடமாக ஓடுகின்றன.

முதல் முறை நாங்கள் பார்த்தது பெட்டியில் போட்டிருந்த தூரத்தை. அது பெரிய தப்பு. கையில் பிடித்துப் பேசும் ரேடியோவின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஆன்டெனா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அலைக்கு அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். சமதரையில் இரண்டு பேர் நின்று பேசினால் கணக்குப்படியே 10 கிலோமீட்டர்தான் எல்லை. நடுவில் ஒரு மேடோ தோப்போ வந்தால் அதுவும் சுருங்கிவிடும். எங்களுக்கு நம்பிக்கையாகக் கிடைப்பது மூன்று கிலோமீட்டர். வாட், அதாவது ரேடியோ அலையை அனுப்பும் சக்தி, கூடினால் மரங்களுக்கு நடுவே குரல் கொஞ்சம் தெளிவாகும், அடிவானம் நகராது. குரல் எட்டவில்லையா, பக்கத்து மேட்டில் ஏறி நின்று பேசிப் பாருங்கள். பெரிய ரேடியோ வாங்குவதைவிட அது பலன் தரும்.

திறந்தவெளி வேலைக்கு 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விஎச்எஃப் என்ற அலைவரிசை எங்களுக்கு ஒத்துவந்தது. தகரக் கொட்டகைக்குள் அது திணறும், வாசலுக்கு வந்து பேச வேண்டியிருக்கிறது. வேலை பெரும்பாலும் கட்டடங்களுக்குள் என்றால் அதைவிட அதிக அதிர்வெண்ணில் ஓடும் யுஎச்எஃப் எடுங்கள். பல நாடுகளில் 5 வாட் ரேடியோவுக்கு உரிமம் வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

சரி, முதல் நான்கும் எப்படிப் போயின? ஒன்றில்கூட உள்ளே இருக்கும் சர்க்யூட் தானாகக் கெடவில்லை. இரண்டில் பெல்ட் கிளிப் உடைந்தது. ஒன்றில் பேசும் பட்டனின் ரப்பர் வெடித்துப் புழுதி இறங்கியது. இன்னொன்றில் பக்கவாட்டில் மைக் சொருகும் துளையின் மூடி எங்கோ விழுந்து, அடுத்த மழையில் தண்ணீர் புகுந்துவிட்டது. அதனால் கடையில் ரேடியோவைக் கையில் எடுத்தால் நான் இப்போது முதலில் தொட்டுப் பார்ப்பது கிளிப், பட்டன் ரப்பர், அந்த மூடி இவற்றைத்தான். மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இப்போது இருப்பவை ஐபி67 என்ற தரக்குறியீடு உள்ளவை. புழுதி உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது, எடுத்துத் துடைத்துவிட்டுப் பேசினோம். ஆனால் தொழுவம் கழுவும் குழாயை நேராக அதன்மேல் பீய்ச்சாதீர்கள். மூழ்கினால் தாங்குவதும் பீய்ச்சினால் தாங்குவதும் வேறு வேறு சோதனைகள்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரு மாலை என் தம்பி வேலி ஓரத்தில் வண்டி கவிழ்ந்து கால் பிசகிக் கிடந்தான். அரை மணி நேரம் கூப்பிட்டிருக்கிறான், யாருக்கும் கேட்கவில்லை. விழுந்த வேகத்தில் சேனல் திருகு ஒரு படி நகர்ந்திருந்தது. அவன் கூப்பிட்டது ஆள் இல்லாத சேனலில். மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு ஆளைக் காணோமே என்று தேடிப் போனபோதுதான் கண்டோம். மறுநாளே எல்லா ரேடியோவிலும் 16 படிகளிலும் ஒரே சேனலைப் பதிந்துவிட்டேன். திருகு எங்கே நின்றாலும் எல்லோருக்கும் கேட்கும். சின்னத் திரையும் எண் பட்டன்களும் உள்ள மாடல்களை அன்றோடு விட்டுவிட்டேன். கையுறை போட்ட கைக்கு அவை உதவாது.

பேட்டரிக்குப் பெட்டியில் போடும் மணிக்கணக்கு, நேரத்தில் 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பது, மீதி 90 சதவீதம் சும்மா இருப்பது என்ற கணக்கில் வருவது. மாடுகளை ஒன்றுசேர்க்கும் நாளில் யாரும் அப்படி அமைதியாக இருப்பதில்லை, மதியத்துக்குமேல் தீர்ந்துவிடும். கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியும், ஆளுக்கு ஒரு உபரியும் வேண்டும். வாங்கிய மாதத்தைப் பேட்டரியின்மேல் எழுதி ஒட்டிவைக்கிறேன். மூன்று வருடம் தாண்டியவை ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோயின. சார்ஜர் முனையில் படியும் அழுக்கை ரப்பரால் தேய்த்து எடுத்தாலே சில ‘செத்த’ பேட்டரிகள் எழுந்துவிடும்.

தோளில் மாட்டும் மைக் வசதிதான், ஆனால் சுருள் வயர் கேட்டில் மாட்டி இழுபடும். அதைவிட ரேடியோவையே நெஞ்சில் பட்டைபோட்டுக் கட்டிக்கொள்வது மேல். ஆன்டெனா இடுப்பைவிட உயரத்தில் நிற்பதால் குரலும் தெளிவாகப் போகிறது.

இந்த மாதம் இன்னும் இரண்டு வாங்க வேண்டும். புது மாடல்கள் வந்திருந்தாலும் அதே பழைய மாடலைத்தான் சொல்லியிருக்கிறேன், இருக்கிற பேட்டரியும் சார்ஜரும் அதற்குத்தான் பொருந்தும். தம்பி தன்னுடையதை மாற்ற மாட்டேன் என்கிறான். அதற்குப் புதுக் கிளிப் மட்டும் வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.