தூரத்து போர்டை பூட் செய்ய: டிஎஃப்டிபியா, ஹெச்டிடிபியா?

போர்டும் (சின்ன கணினி), அது பூட் ஆகத் தேவையான கோப்பைத் தரும் சர்வரும் ஒரே அறையில் இருந்தால் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை போதும். யு-பூட் என்ற பூட்லோடரில் (போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) ஒரு வரி கட்டளை, அவ்வளவுதான். தூரம் கூடினால்தான் நொண்டும். 512 பைட் அனுப்பிவிட்டு, "வந்துவிட்டது" என்ற பதில் வரும்வரை அடுத்ததைத் தொடாது. போய்வர 50 மில்லிசெகண்ட் ஆகும் இணைப்பில் 20 எம்பி கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) 40,960 நடை, சுமார் 34 நிமிடம். சாப்பிட்டுவிட்டே வரலாம். பிளாக் அளவை, அதாவது ஒரு நடையில் போகும் பைட்டை, 1468 ஆக்கினால் 12 நிமிடம். விண்டோ அளவையும் (பதிலுக்கு நிற்காமல் அடுத்தடுத்து அனுப்பும் பிளாக் எண்ணிக்கை) கூட்டலாம், சர்வர் ஒத்துக்கொண்டால்.

வெப் பக்கங்களைக் கொண்டுவரும் ஹெச்டிடிபி, டிசிபி என்ற இணைப்பு முறையின் மேல் ஓடுவதால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் பார்த்து நிற்காது. லைன் நன்றாக இருந்தால் அதே கர்னல் சில வினாடிகளில் வந்துவிடும். பழைய பூட்லோடரில் இந்த வசதி இருக்காது, அதுதான் தொல்லை. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) போர்டு என்றால் ஐபிஎக்ஸ்இ என்ற சின்ன பூட்லோடரை மட்டும் டிஎஃப்டிபியில் இறக்கி, மீதியை ஹெச்டிடிபியில் இழுப்பேன்.