பாலம் ஏறும் கப்சாய்க்கு எந்த கிரிப்? ஒன்றரை வருடப் பயன்பாடு

பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்து பாலம் ஏறி, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குக் கப்சாயில் (மலேசியாவில் ஓடும் சின்ன கியர் மோட்டார் சைக்கிள்) ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஹேண்டிலைப் பிடித்துப் பிடித்தே வரும் கை மரப்பு புதிதல்ல. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலுக்கு மேல். சிக்னல் கிடையாது. வலது கை த்ராட்டலை, அதாவது வேகம் கூட்டத் திருகும் பிடியை, பிடித்தது பிடித்தபடி கிடக்கும். 2019 ஜனவரியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு டோலும் இல்லை. கையை உதறிக்கொள்ளச் சாவடியில் கிடைத்த அந்த அரை நிமிடமும் போச்சு. தீவில் இறங்கும்போது சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் எறும்பு ஊரும்.

110 சிசி கப்சாய் ஒன்றில் நான்கு விதமாக மாற்றிப் போட்டுப் பார்த்த அனுபவம் இது: கம்பெனி ரப்பர் கிரிப், ஜெல் கிரிப், ரப்பருக்கு மேல் மாட்டும் ஸ்பாஞ்சு உறை, கடைசியாக ஹேண்டில் குழாய்க்குள் எடை போட்டு மறுபடியும் ரப்பர் கிரிப். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிரிப்பை மட்டும் மாற்றினால் மரப்பு கொஞ்சம்தான் குறையும். எடைதான் வேலை செய்கிறது. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் விநாடிக்கு 100 முறை மேலும் கீழும் போய்வருகிறது. அதன் இரட்டிப்பான 200-லும் மெல்லிசாக ஓர் அதிர்வு உண்டு. உள்ளங்கைத் தோலுக்கு ரொம்பவும் உறைப்பது இந்த 200-ஐ ஒட்டிய 'ஜிர்ர்'தான். சக்கரத்தின் கணக்கு வேறு. 70/90-17 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.75 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டரில் அது விநாடிக்கு 13 சுற்றுகூட வராது. ஆகவே டயரோ ரிம்மோ கெட்டிருந்தால் ஹேண்டில் குலுங்கும், ஆடும், ஜிர்ரென்று இருக்காது.

சந்தேகமாக இருந்தால் மணிக்கு 50-ல் ஒருமுறை நாலாவது கியரிலும் ஒருமுறை மூன்றாவதிலும் ஓட்டிப் பாருங்கள். கியருக்குக் கியர் அதிர்வு மாறினால் எஞ்சின் பக்கம். மாறாவிட்டால் சக்கரம் பக்கம். கால் வைக்கும் கம்பியும் சேர்ந்து ஜிர்ரென்றால் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் முறுக்கிவிட்டு வரக்கூடாது. எல்லாவற்றையும் தளர்த்தி, எஞ்சினைக் கொஞ்சம் அசைத்து உட்காரவைத்து, பிறகு ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். செயின் அதிக இறுக்கமாக இருந்தாலும் அதிர்வு கூடும். முழு உறை போட்ட வண்டிகளில் உறையிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் தொய்வை அளக்க வேண்டும். சரியான அளவு வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும்.

இனி எடை. ஹேண்டில் குழாயின் நுனியில் எடை ஏறினால் குழாய் தானாக அதிரும் வேகம் கீழே இறங்கும், அதிர்வின் வீச்சும் குறையும். வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், உள்விட்டம் 18 என்று வைத்துக்கொண்டால், 17 மில்லிமீட்டர் தடிப்பில் 10 சென்டிமீட்டர் நீள இரும்புத் துண்டு உள்ளே போகும். அதன் எடை 178 கிராம். பித்தளையென்றால் 190 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அதே அளவு அலுமினியம் வெறும் 61 கிராம். கடையில் கலர் கலராகத் தொங்கும் பார் எண்டுகளை (ஹேண்டில் நுனியில் மாட்டும் துண்டுகள்) வாங்கி மாட்டிவிட்டு 'ஒன்றும் மாறவில்லையே' என்கிறார்களே, காரணம் இதுதான். கம்பெனி போட்டிருந்த இரும்பைக் கழற்றி வைத்துவிட்டு அலுமினியத்தை மாட்டினால் அதிர்வு கூடத்தான் செய்யும். வாங்குமுன் கையில் தூக்கிப் பாருங்கள். கனக்காவிட்டால் அது அலங்காரம்.

இரும்புத் துண்டைக் கடைசல் பட்டறையில் வெட்டிக்கொள்ளலாம். அப்படியே நுழைத்தால் உள்ளே கடகடவென்று ஆடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன் மேல் ஒரு சுற்று சுற்றி, சற்று அழுத்தித் தள்ளினால்தான் போகும் என்ற அளவுக்கு இருக்க வேண்டும். சிலர் மணலை நிரப்புகிறார்கள். மழைநீர் இறங்கினால் அந்த மணல் ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். சிலிக்கான் நிரப்புகிறவர்களும் கவனிக்க வேண்டும்: புளிக்காடி வாசம் வருகிற ரகம் காயும்போது அமிலம் விடும், இரும்பு துருப்பிடிக்கும். வாசமில்லாத நியூட்ரல் ரகம்தான் சரி.

எடைக்கும் குறை உண்டு. அதிர்வு மொத்தமாக ஓடிவிடவில்லை, இடம் மாறியது. முன்பு 80-ஐ ஒட்டிக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் ஒரு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. இப்போது அது ஒன்றாகவே நிற்கிறது, ஆனால் 55-60-ல் லேசான நடுக்கம் வந்திருக்கிறது. பாலத்தில் போகிறவருக்கு லாபம். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இது நஷ்டமாகவும் முடியலாம். இன்னொன்று, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரகத்தை மாட்டினால் ஹேண்டில் அகலமாகும். நெரிசலில் கார் கண்ணாடிகளுக்கு நடுவே நுழைகிறவர்கள் உள்ளே போகிற ரகத்தையே பாருங்கள்.

கிரிப்புகளைப் பொறுத்தவரை, ஜெல் முதல் 2 மாதம் சொர்க்கம். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஐந்தாவது மாதம் மேல்தோல் பிசுபிசுக்க ஆரம்பித்தது. எட்டாவது மாதம் கட்டைவிரல் அழுத்துகிற இடத்தில் தோல் கிழிந்து, உள்ளங்கையில் கறுப்பு மை ஒட்டியது. ஸ்பாஞ்சு உறை அந்த மெல்லிய ஜிர்ரை மற்ற இரண்டு கிரிப்புகளையும்விட நன்றாகவே தடுக்கிறது. ஆனால் மழை பெய்தால் பிழியப் பிழியத் தண்ணீர், மறுநாள் காலை வரை ஈரம். கிரிப்பும் தடித்துவிடுவதால் விரல் முழுதாகச் சுற்றாமல் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது; மரப்பு போய் முன்னங்கை வலி வந்தது. சின்னக் கை உள்ளவர்களுக்கு வேண்டாம். நடுத்தரத் தடிப்பு ரப்பர்தான் இந்த வெயில் மழைக்கு நின்றது. அதற்கு எதிரி எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு பிடித்தால் ரப்பர் மெல்ல உப்பி இளகும். பாத்திரம் கழுவும் சோப்பு போதும். டயருக்குப் பூசும் பளபளப்பு திரவத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள், வழுக்கும்.

பெரும்பாலான தவறு நடப்பது மாட்டும்போதுதான். ஜோடியில் இரண்டு துளையும் ஒரே அளவல்ல: இடது 22 மில்லிமீட்டர் குழாய்மேல் நேராக உட்காரும், வலது த்ராட்டல் குழல்மேல் உட்காருவதால் ஏறக்குறைய 25. மாற்றி மாட்டிவிட்டு, லூசாக இருக்கிறதே என்று டேப் சுற்றுகிறவர்கள் உண்டு. பழைய கிரிப்பைக் கழற்ற, கம்ப்ரஸர் மூக்கை ஓரத்தில் சொருகிக் காற்றடித்தால் உப்பிக்கொண்டு வந்துவிடும். புதியதை மாட்ட சோப்பு நீரோ துருநீக்கி ஸ்ப்ரேயோ வேண்டாம். உள்ளேயே தங்கி, பாலிக் பூலாவ் போகும் துன் சார்டோன் சாலையின் மலை வளைவில் கிரிப் சுழன்றுகொள்ளும். குழாயை ஸ்பிரிட்டால் துடைத்து, கிரிப் பசையை மெல்லிசாகப் பூசி, சில விநாடிக்குள் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். சூப்பர் குளூ பாதி வழியிலேயே பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் ஓட்டாமல் காயவிடுங்கள்.

வலது கிரிப்புக்கும் பார் எண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம். உள்பக்கம் சுவிட்ச் பெட்டியிலும் உரசக்கூடாது. த்ராட்டலை முழுதாகத் திருகிக் கையை எடுத்தால் 'டப்'பென்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி இரண்டிலும் வைத்து இதைச் சோதியுங்கள். திரும்பாத த்ராட்டலோடு வண்டியை நகர்த்தவே கூடாது.

பார் எண்டு ஸ்க்ரூவுக்கு, அது தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கில் நீல நிறம் ஒரு சொட்டு. சிவப்பு போட்டால் அடுத்தமுறை ஸ்க்ரூவின் தலைதான் கையோடு வரும். இடது கிரிப்பில் 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியை இரண்டு இடத்தில் சுற்றி முறுக்கலாம். முறுக்கிய முனை உள்ளங்கைப் பக்கம் வராமல், முன்பக்கம் ரப்பருக்குள் அமுங்கி இருக்கட்டும். இப்போது வண்டியில் ஓடுவது ரப்பர் கிரிப், பக்கத்துக்கு 178 கிராம் இரும்பு. வலதுபக்க ஸ்க்ரூ மட்டும் 3 மாதத்துக்கு ஒருமுறை கால் சுற்று தளர்ந்துவிடுகிறது. எல்லன் சாவி சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது.